இண்டிகார் விமர்சனம்: அமெரிக்கப் பெயர்ப்பலகை, அயலார் சரக்கு

ஆண்டுக்கு ஒருமுறை மரீனா பே தெருக்களை அடைத்து, இரவு விளக்குப் போட்டு நடக்கும் எஃப் 1 பந்தயத்தை ஐரோப்பியச் சரக்காகவே நினைத்துப் பழகிவிட்டோம். அதன் வணிக உரிமை 2017 முதல் லிபர்ட்டி மீடியா என்னும் அமெரிக்க நிறுவனத்திடம் இருக்கிறது. அசல் அமெரிக்கச் சரக்கு என்று விற்கப்படும் இண்டிகார் என்னும் கார்ப்பந்தயத் தொடரையோ பிரித்துப் பார்த்தால் கதை தலைகீழ். சேஸி என்னும் வண்டிக்கூடு இத்தாலியிலிருந்து, கியர்பாக்ஸ் இங்கிலாந்திலிருந்து வருகிறது. இரண்டே எஞ்சின் தயாரிப்பாளர்களில் ஒருவர் ஜப்பானியர். 2019 முதல் தொடரின் பெயருக்கு முன்னால் நிற்கும் என்டிடியும் ஜப்பானிய நிறுவனம். 2021, 2023, 2024, 2025 என நான்கு பட்டங்களை எடுத்துக்கொண்டு போனவர் ஸ்பெயின்காரர் அலெக்ஸ் பலோ.

சிங்கப்பூரில் உட்கார்ந்து, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்க்கத் தகுமா? தகும். சக்கரத்தோடு சக்கரம் உரசும் பந்தயம் வேண்டும் என்பவருக்கு எஃப் 1ஐவிட இது நிறைவாக இருக்கும். ஆனால் வண்டிகளுக்குள் வித்தியாசம் தேடுபவர் ஏமாந்துபோவார். அந்த ஏமாற்றத்துக்குக் காரணம் வெளியார் நுழைந்ததுதான் என்று சொல்லும் அமெரிக்க ரசிகர்கள் இன்னும் உண்டு. வரலாற்றைப் புரட்டினால் வேறு கணக்கு வருகிறது. வெளியார் பலர் வந்து ஒருவரோடொருவர் மோதிய காலத்தில் சரக்கு முதல்தரம். வெளியாரைத் தடுக்க வேலி போட்ட பிறகுதான் ஒவ்வொரு உதிரிப்பாகத்துக்கும் ஒரே ஒரு வெளியார் மிஞ்சினார்.

முதலில் வண்டி. வரானோ தே மெலெகாரி என்னும் சிற்றூரில் 1972இல் ஜியான்பாவ்லோ டல்லாரா தொடங்கிய நிறுவனம்தான் எல்லா அணிகளுக்கும் சேஸி கொடுக்கிறது. இப்போது ஓடும் டிடபிள்யூ 12 என்னும் மாடல் 2012இல் தடத்துக்கு வந்தது. அதைச் சோதனை ஓட்டம் ஓட்டிப் பார்த்து, 2011 அக்டோபரில் லாஸ் வேகஸ் விபத்தில் இறந்த டான் வெல்டனின் பெயர்தான் அந்த எழுத்துகள். 2018இல் வெளித்தகடுகள் மாறின. 2020இல் ஓட்டுநர் தலைக்கு முன்னால் ஏரோஸ்கிரீன் என்னும் தடுப்புத் திரை வந்தது. 2024 ஜூலையில் எஞ்சினுக்குத் துணையாக மின்சக்தி தரும் ஹைபிரிட் சேர்ந்தது. அடியில் இருக்கும் கூடு என்னவோ அதே பழைய கூடுதான். புது வண்டி 2028இல் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள், அதுவும் டல்லாராவிடமிருந்தே.

மேலே மேலே ஒட்டிக்கொண்டு போனதன் விளைவைத் தடத்தில் நன்றாகவே பார்க்கலாம். ஏரோஸ்கிரீனை வடிவமைத்தது ரெட் புல்லின் இங்கிலாந்துப் பொறியியல் பிரிவு. டைட்டானியச் சட்டம் ஆஸ்திரியாவின் பாங்க்ல் செய்தது. உயிர் காக்கும் பொருள், அதில் மறுபேச்சில்லை. ஆனால் காற்று உள்ளே போவது குறைந்ததால் ஓட்டுநர் அறை வேகும். தலைக்கவசத்துக்குத் தனியாகக் காற்றுக்குழாய் வைக்க வேண்டியிருந்தது. எடையும் முன்பக்கம் ஏறியது. இண்டிகாரில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. எஃப் 1இலிருந்து வரும் ஓட்டுநர்களை முதல் சில வாரங்கள் வாட்டுவது வேகம் அல்ல, தோளும் முன்கையும்தான். கடைசி 20 சுற்றுகளில் ஒரு புதுமுகம் திருப்பத்தில் அகலமாகப் போகிறார் என்றால் டயரை மட்டும் குறை சொல்ல வேண்டாம்.

எஞ்சின் 2.2 லிட்டர், 6 சிலிண்டர், இரட்டை டர்போ. ஹோண்டாவினுடையது கலிபோர்னியாவில் உருவாகிறது. செவ்ரலே என்று பெயர் ஒட்டியிருப்பதை வடிவமைத்துக் கட்டுவது இல்மோர். இங்கிலாந்தில் மாரியோ இலியன், பால் மார்கன் இருவரும் அமெரிக்க அணி உரிமையாளர் ரோஜர் பென்ஸ்கியின் முதலீட்டோடு தொடங்கிய நிறுவனம். அணி எஞ்சினை விலைக்கு வாங்க முடியாது, வாடகைக்குத்தான் எடுக்கலாம். மூடி முத்திரை வைத்துத் தருவார்கள். அணியின் மெக்கானிக் உள்ளே கைவைக்கக்கூடாது. ஒரு வண்டிக்கு ஒரு சீசனில் 4 எஞ்சின். அனுமதியில்லாமல் மாற்றினால் தெருத்தடத்திலும் சாலைத்தடத்திலும் 6 இடம், ஓவல் என்னும் நீள்வட்டத் தடத்தில் 9 இடம் பின்னே போய் நிற்க வேண்டும். முன்வரிசையில் இருக்க வேண்டிய ஆள் நடுவில் நின்று தொடங்குவதைப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

ஹைபிரிட் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பேட்டரி இல்லை, சூப்பர்கெப்பாசிட்டர். சட்டென்று நிரம்பி சட்டென்று தீரும். கூடுதலாகக் கிடைப்பது சுமார் 60 குதிரைத்திறன். அறிமுகமான மிட்-ஒஹாயோ பந்தயத்திலேயே ஆறு முறை பட்டம் வென்ற ஸ்காட் டிக்சனின் வண்டி அந்தப் பகுதி கோளாறாகி, பச்சைக்கொடி விழுமுன்பே நின்றுபோனது. அதைவிடப் பயனுள்ளது பழைய புஷ்-டு-பாஸ் பொத்தான். தெருத்தடத்திலும் சாலைத்தடத்திலும் டர்போ அழுத்தத்தைக் கொஞ்ச நேரம் ஏற்றிக் கொடுக்கும். ஒரு பந்தயத்துக்குப் பெரும்பாலும் மொத்தம் 200 விநாடி. எஃப் 1 பல ஆண்டுகள் வைத்திருந்த டிஆர்எஸ் (பின் இறக்கையைத் திறந்து வேகம் கூட்டும் வசதி) பின்னால் வருபவருக்கு மட்டும்தான். இங்கே முன்னால் போகிறவரும் அழுத்தித் தற்காத்துக்கொள்ளலாம். திரையில் யாருக்கு எத்தனை விநாடி மிச்சம் என்று காட்டும்போது அதைக் கவனியுங்கள், கடைசிப் பத்துச் சுற்று புரியும்.

டயர் ஃபயர்ஸ்டோன், ஒஹாயோவின் ஆக்ரனில் செய்தது. ஆனால் ஃபயர்ஸ்டோனை 1988இல் ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் வாங்கிவிட்டது.

இந்த உதிரிப்பாகப் பட்டியலில் அமெரிக்கா எங்கே என்று கேட்டால் தடம், ரசிகர், பணம், கட்டுப்பாடு நான்கும்தான். கட்டுப்பாடு என்ற கடைசிச் சொல்லில்தான் சிக்கலே.

தொடரின் முதன்மைப் பந்தயமான, 500 மைல் ஓடும் இண்டி 500 நடக்கும் இண்டியனாபோலிஸ் தடத்தில் வெளியார் வரலாறு 1961இல் சூடு பிடிக்கிறது. ஆஸ்திரேலியர் ஜாக் பிராபம், எஞ்சினைப் பின்னால் வைத்த சின்ன கூப்பர் வண்டியோடு வந்தார். 2.7 லிட்டர் கிளைமாக்ஸ் எஞ்சின், எதிரே 4.2 லிட்டர் ஆஃபன்ஹவுசர். நேர்க்கோட்டில் பின்தங்கியவர் திருப்பத்தில் மீட்டுக்கொண்டு 9ஆம் இடத்தில் முடித்தார். சிரித்தவர்கள் சிரித்தார்கள். அமெரிக்க ஓட்டுநர் டான் கர்னி சிரிக்கவில்லை. இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மனை அழைத்துவந்து காட்டினார். 1963இல் ஜிம் கிளார்க் இரண்டாம் இடம். 1965இல் 200 சுற்றில் 190 சுற்று முன்னணியில் ஓடி வென்றார், லோட்டஸ் 38இல், ஃபோர்டு எஞ்சினோடு. முன்-எஞ்சின் வண்டி இண்டி 500 வென்றது 1964தான் கடைசி. நான்கே ஆண்டில் ஒரு தலைமுறை வண்டிகள் காட்சிப்பொருளாயின. எந்த மந்திரமும் இல்லை: எடை குறைவு, எரிபொருள் குறைவு, டயர் தேய்மானம் குறைவு, எரிபொருளுக்கும் டயருக்கும் பிட்டில் நிற்கும் நேரம் குறைவு.

வணிக அமைப்புக்கும் வெளியார் முன்மாதிரி தேவைப்பட்டது. 1978இல் அதே கர்னி அணி உரிமையாளர்களுக்கு எழுதிய அறிக்கையில், எஃப் 1 அணிகளை பெர்னி எக்கிள்ஸ்டன் ஒன்றுசேர்த்துப் பேரம் பேசிய வழியைச் சுட்டிக்காட்டினார். நாமும் சேர்ந்து நின்றால்தான் தடக்காரர்களிடமும் தொலைக்காட்சியிடமும் நியாயமான பணம் வரும் என்பது வாதம். அதிலிருந்து பிறந்தது கார்ட் என்னும் அணி உரிமையாளர் அமைப்பு. ரோஜர் பென்ஸ்கியும் பாட் பேட்ரிக்கும் முன்நின்று 1979இல் தனித் தொடரே தொடங்கிவிட்டார்கள்.

அடுத்த பதினேழு ஆண்டு இந்தச் சரக்கின் பொற்காலம். 1978 முதல் 1987 வரை இண்டி 500இல் காஸ்வர்த் எஞ்சினே வென்றது. 1983 முதல் 1987 வரை ஐந்து முறையும் மார்ச் சேஸி. 1988 முதல் 1993 வரை இல்மோர்-செவ்ரலே. மூன்றும் இங்கிலாந்துப் பட்டறைகள். பிரேசிலின் எமர்சன் ஃபிட்டிபால்டி 1989இல் வென்றார். 1993இல் மறுபடி வென்றபோது மரபுப்படி பால் குடிக்காமல் தன் தோட்டத்து ஆரஞ்சுச் சாற்றை முதலில் குடித்தார், ரசிகர்கள் அதற்காக ஊளையிட்டார்கள். எஃப் 1 பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே நைஜல் மேன்செல் 1993இல் இங்கே வந்து, முதல் ஆண்டிலேயே பட்டம் வென்றார். 1996 கார்ட் களத்தை எழுதிப் பார்த்தால் இன்றைய ரசிகருக்குப் பொறாமை வரும்: சேஸியில் ரெய்னார்ட், லோலா, பென்ஸ்கி, ஈகிள், எஞ்சினில் ஃபோர்டு-காஸ்வர்த், ஹோண்டா, மெர்சிடிஸ், டொயோட்டா, டயரில் குட்இயர், ஃபயர்ஸ்டோன். எந்தக் கூட்டணி எந்தத் தடத்தில் பொருந்தும் என்பதே பாதிப் பந்தயம்.

வெளியார் எல்லாரும் வந்தவுடன் வென்றுவிடவில்லை. ஹோண்டா 1994இல் பாபி ரேஹல் அணியோடு நுழைந்தது. இண்டியனாபோலிஸில் அந்த எஞ்சின் வேகம் போதாமல், ரேஹல் பென்ஸ்கியிடம் வண்டி வாடகைக்கு எடுத்துத் தகுதி பெற்று, அதிலேயே மூன்றாமிடமும் வந்தார். எஞ்சின் கொடுத்த நிறுவனத்துக்கு இதைவிடத் தலைகுனிவு இல்லை. ரேஹல் கைவிட்டார். ஹோண்டா கைவிடவில்லை. 1995 ஆகஸ்டில் நியூ ஹாம்ப்ஷயரில் ஆந்த்ரே ரிபெய்ரோ முதல் வெற்றி தந்தார். 1996இல் பட்டமே ஹோண்டா எஞ்சினுக்கு. தோற்ற இடத்தில் தங்கிக் கற்பவர், தோற்றதும் மூட்டை கட்டுபவர் என்று வெளியாரை இரண்டாகப் பிரித்தால் முதல் வகைக்கு ஹோண்டாதான் அளவுகோல். இரண்டாம் வகைக்குக் கீழே வருகிறேன்.

மூன்றாம் வகையும் ஒன்று உண்டு, வீட்டுக்காரர் விதியையே வெளியார் ஆயுதமாக்குவது. சின்ன அமெரிக்கப் பட்டறைகளுக்கு உதவட்டும் என்று இண்டி 500 விதிப்புத்தகம் புஷ்ராட் என்னும் பழைய பாணி எஞ்சினுக்கு அதிகக் கொள்ளளவும் அதிக டர்போ அழுத்தமும் அனுமதித்திருந்தது. 1994இல் அந்த ஓட்டையில் புகுந்தது எந்தச் சின்னப் பட்டறையும் அல்ல. இல்மோர் இங்கிலாந்தில் ரகசியமாகக் கட்டி, மெர்சிடிஸ் முத்திரை குத்தி, பென்ஸ்கி வண்டியில் ஏற்றிய 3.4 லிட்டர் எஞ்சின். ஃபிட்டிபால்டி 145 சுற்று முன்னணியில் ஓடிச் சுவரில் மோத, அதே அணியின் அல் அன்சர் ஜூனியர் வென்றார். மற்றவர்கள் காற்றைத்தான் குடித்தார்கள்.

இந்தச் சூழலில்தான் தடத்தின் உரிமைக் குடும்பத்தைச் சேர்ந்த டோனி ஜார்ஜ் தனித் தொடர் அறிவித்தார். பெயர் ஐஆர்எல், இன்றைய இண்டிகாரின் முன்னோடி, தொடக்கம் 1996. சொன்ன காரணங்கள்: செலவு கட்டுமீறிவிட்டது, ஓவல் குறைந்துவிட்டது, உள்ளூர்த் தடங்களில் வளரும் அமெரிக்கப் பையன்களுக்கு இடமில்லை, வெளிநாட்டு ஓட்டுநர்களும் வெளிநாட்டு எஞ்சின்காரர்களும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். புகாரில் பாதி உண்மை. செலவு உண்மையாகவே ஏறியிருந்தது. ஆனால் மருந்து வேலியாக வந்தது. 1996 இண்டி 500இல் 33 இடத்தில் 25 இடம் ஐஆர்எல் தொடரில் ஓடுபவருக்கே ஒதுக்கீடு. கார்ட் அணிகள் அதே நாளில் மிச்சிகனில் போட்டிப் பந்தயம் நடத்தின. ரசிகர் இரண்டாகப் பிரிந்தார், ஸ்பான்சர் நாஸ்கார் என்னும் ஸ்டாக்-கார் தொடரைப் பார்த்து நடந்தார்.

வேலி எப்படி வேலை செய்தது? 1997இல் ஐஆர்எல் மலிவு வண்டி விதி கொண்டுவந்ததும் முன்னால் வந்து நின்ற இரண்டு சேஸிகள் இத்தாலியின் டல்லாராவும் இங்கிலாந்தில் வடித்த ஜி-ஃபோர்ஸும். அந்த ஆண்டு இண்டி 500 வென்றவர் நெதர்லாந்தின் ஆரி லாய்ண்டைக். 1999 முதல் 2003 வரை ஐந்து முறையும் வெளிநாட்டவரே: ஸ்வீடன், கொலம்பியா, அடுத்து மூன்று முறை பிரேசில். 2000இல் கொலம்பியாவின் மொன்டோயா, கார்ட்டிலிருந்து ஒரே ஒரு பந்தயத்துக்கு வந்து 167 சுற்று முன்னணியில் ஓடிப் பரிசைத் தூக்கிக்கொண்டு போனார். டொயோட்டாவும் ஹோண்டாவும் 2003இல் ஐஆர்எல்லுக்கு இடம் மாறியதும் சண்டையின் முடிவு தெரிந்துபோனது. யாரைத் தடுக்க வேலி போட்டார்களோ அவர்கள் வந்து சேர்ந்த பிறகுதான் வேலி போட்டவர் பக்கம் தராசு சாய்ந்தது. 1998இல் பங்குச்சந்தையில் ஏறிய கார்ட், சில ஆண்டிலேயே திவாலாகி சாம்ப் கார் என்ற பெயரில் இழுத்து, 2008 பிப்ரவரியில் ஐஆர்எல்லோடு இணைந்தது. அதற்குள் டொயோட்டாவும் செவ்ரலேயும் 2005 முடிவில் போய்விட்டிருந்தன. 2006 முதல் 2011 வரை எல்லா வண்டிக்கும் ஹோண்டா எஞ்சின்தான். ரெய்னார்ட் 2002இலேயே மூடியாயிற்று. 2012 வண்டிக்கான தேர்வில் டல்லாரா தனியாக ஜெயித்தது. லோலா அதே ஆண்டில் நொடித்தது.

இனி தோற்ற வெளியார். நமக்குப் பக்கத்து ஊர்க் கதையிலிருந்து தொடங்கலாம். 2012இல் லோட்டஸ் மூன்றாவது எஞ்சின் தயாரிப்பாளராக வந்தது. அப்போது லோட்டஸ் மலேசியாவின் புரோட்டோனுக்குச் சொந்தம். கடற்பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பணம். எஞ்சினைக் கட்டியது இங்கிலாந்தின் ஜட். போட்டியாளர்களைவிட மாதக்கணக்கில் தாமதமாகச் சோதனை தொடங்கியது, எஞ்சின் எண்ணிக்கையும் போதவில்லை. 2012 ஜனவரியில் மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா தன் புரோட்டோன் பங்கை டிஆர்பி-ஹைகாமுக்கு விற்க, உரிமை மாறும் நேரத்தில் லோட்டஸுக்குப் போகும் பணம் சுருங்கியது. அணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. மே மாதம் இண்டி 500இல் மிஞ்சியவை இரண்டே வண்டி. முன்னணி வேகத்தின் 105 சதவீத நேரத்துக்குள் ஓட முடியாதவரை வெளியேற்றும் விதிப்படி, பத்துச் சுற்றோடு இரண்டுக்கும் கறுப்புக்கொடி காட்டினார்கள். ஒன்றில் இருந்தவர் முன்னாள் ஃபெராரி ஓட்டுநர் ஜான் அலேசி. சீசன் முடிந்ததும் லோட்டஸ் போய்விட்டது. பெயரை மட்டும் கொடுத்து வேலையை இன்னொருவரிடம் விட்டு, பணத்தை மூன்றாமவர் முடிவுக்கு விட்டால் இப்படித்தான் முடியும்.

மெக்லாரன் 2019 வேறு வகைத் தோல்வி, இன்னும் பாடம் நிறைந்தது. 2017இல் ஃபெர்னாண்டோ அலோன்சோ ஆண்ட்ரெட்டி அணியின் தயார் வண்டியில் வந்து 27 சுற்று முன்னணியில் ஓடினார்; 179ஆம் சுற்றில் ஹோண்டா எஞ்சின் புகைந்தது. அந்த அனுபவம் போதும் என்று 2019இல் மெக்லாரன் சொந்தமாக வண்டி இறக்கியது. முதல் சோதனைக்கு ஸ்டீயரிங் சக்கரமே தயாராக இல்லை. உதிரி வண்டியின் ஆரஞ்சு நிறம் தப்பு என்று மறுபடி வண்ணம் பூசப் போனதில் ஓட வேண்டிய நேரம் ஓடிப்போனது. அங்குலத்தை மெட்ரிக்காக மாற்றியதில் பிழை, வண்டி தரையில் உரசியது. கடைசி நாளில் கியர் விகிதமும் தப்பு. நான்கு சுற்றுச் சராசரி மணிக்கு 227.353 மைல். சிறு அணியான ஜுன்கோஸின் கைல் கைசர் 227.372 மைல் ஓடி, எஃப் 1இல் இரண்டு முறை உலகப் பட்டம் வென்ற அலோன்சோவை வெளியே தள்ளினார்.

இண்டியனாபோலிஸ் தகுதிச்சுற்று வெளியிலிருந்து பார்க்க எளிது: இடப்பக்கம் நான்கு திருப்பம், கால் அழுத்தியபடி நான்கு சுற்று. உள்ளே மில்லிமீட்டர்க் கணக்கு. வண்டியின் உயரம், இறக்கைக் கோணம், காற்றின் திசை, கியர் எங்கே மாறும் என்பதில் ஒன்று பிசகினாலும் அரை மைல் போய்விடும். அந்த அளவுகள் விலைக்கு வாங்கும் வண்டியோடு வருவதில்லை, பழைய அணிகளின் குறிப்பேட்டில் இருக்கின்றன. மெக்லாரன் இதைப் புரிந்துகொண்டது. அடுத்த ஆண்டே ஷ்மிட் பீட்டர்சன் அணியோடு கூட்டு சேர்ந்து, 2021இல் பெரும்பங்கை வாங்கி, பின்னர் மிச்சத்தையும் வாங்கிக்கொண்டது. குறிப்பேட்டையே வாங்கிவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். பலோவின் ஒப்பந்தத்தைப் பற்றி அவர்கள் தொடுத்த வழக்கு 2025இல் விசாரணைக்கு வந்தது லண்டன் நீதிமன்றத்தில்.

தமிழ் வாசகருக்கு இண்டியனாபோலிஸ் என்றதும் நினைவுக்கு வர வேண்டிய நாள் 2005 ஜூன் 19. அன்று அங்கே நடந்தது எஃப் 1. சரிவான கடைசித் திருப்பத்தைத் தாங்காது என்று மிஷலின் தன் டயர்களைப் பற்றிச் சொல்ல, எஃப் 1ஐ ஆளும் எஃப்ஐஏ அமைப்பு தடத்தை மாற்ற மறுக்க, 14 வண்டிகள் ஒரு சுற்று ஓடிவிட்டுப் பிட்டுக்குள் போய்விட்டன. ஓடியவை பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு. கோயம்புத்தூரின் நாராயண் கார்த்திகேயன் நான்காம் இடத்தில் முடித்து 5 புள்ளி எடுத்தார். அவர் எஃப் 1 வாழ்க்கையில் எடுத்த புள்ளி அவ்வளவுதான். புதிதாக மேற்பரப்பு போட்ட அந்தத் தடத்தை ஃபயர்ஸ்டோன் இண்டிகார் வழியாக ஏற்கெனவே அறிந்திருந்தது பிரிட்ஜ்ஸ்டோனுக்குக் கைகொடுத்தது என்று அப்போதே பேசப்பட்டது. டிக்கெட் பணத்தை மிஷலின் திருப்பிக் கொடுத்தது. எஃப் 1 அந்தத் தடத்தை விட்டு 2007இல் போய்விட்டது. அதன்பிறகு அமெரிக்க ஓப்பன் வீல் (சக்கரம் மூடாத வண்டி) ரசிகரிடம் ஐரோப்பிய நிர்வாகத்தைப் பற்றிப் பேசவே முடியாது, நியாயமும்கூட.

ஆசியாவுக்கு இந்தத் தொடர் வந்த கணக்கு சோகம். ஹோண்டா சொந்தமாகக் கட்டிய மோடேகி ஓவலில் 1998 முதல் ஓடினார்கள். 2008இல் டானிகா பேட்ரிக் அங்கேதான் வென்றார். இண்டிகாரில் ஒரு பெண் வென்ற முதல் பந்தயம். 2011 நிலநடுக்கத்தில் ஓவல் சேதமாகி, சாலைத்தடத்தில் கடைசியாக ஓடிவிட்டு நிறுத்தினார்கள். மற்றவை காகிதத்தோடு சரி. கொரியாவின் ஆன்சான் 2005இலும் சீனாவின் ஜுஹாய் 2007இலும் ரத்து. சிங்தாவ் 2012இல் தேதி குறித்த பிறகு உள்ளூர்ப் பொறுப்பில் ஆள் மாறியதும் கைவிட்டார்கள். அடிப்படைப் பலவீனம் இது: உள்ளூர் அமைப்பாளர் தரும் அனுமதிக் கட்டணத்தை நம்பியே பந்தயம், அவர் பின்வாங்கினால் எல்லாம் போயிற்று. எஃப் 1க்குச் சிங்கப்பூர் 2028 வரை ஒப்பந்தம் போட்டிருப்பதற்குப் பின்னால் அரசாங்கமே நிற்கிறது. அந்தப் பலம் உள்ள வாடிக்கையாளர் இண்டிகாருக்கு இந்தப் பக்கம் யாரும் இல்லை. ஆகவே நேரில் போய்ப் பார்க்கலாம் என்ற ஆசை இப்போதைக்கு அமெரிக்க விமானக் கட்டணத்தோடு சேர்ந்தது.

இப்போது உரிமையாளர். 2019 நவம்பரில் ரோஜர் பென்ஸ்கி தடத்தையும் தொடரையும் வாங்குவதாக அறிவித்தார். ஹுல்மன்-ஜார்ஜ் குடும்பத்திடம் 1945 முதல் இருந்த சொத்து. தடம் பளிச்சென்று ஆயிற்று, கழிவறை முதல் பெரிய திரை வரை. ஆனால் தொடரின் முதலாளியே ஓர் அணியின் முதலாளி, எஞ்சின் செய்யும் இல்மோரிலும் அவருக்குப் பங்கு. 2024 செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தடைசெய்யப்பட்ட நேரத்திலும் பென்ஸ்கி அணி வண்டிகளில் புஷ்-டு-பாஸ் வேலை செய்தது பின்னர் தெரியவந்து, ஜோசஃப் நியூகார்டனின் வெற்றி பறிக்கப்பட்டது. 2025 இண்டி 500இல் டல்லாரா கொடுத்த பின்பக்க மோதல்தடுப்புப் பாகத்தின் இடுக்கை அந்த அணி நிரவியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, இரண்டு வண்டிகள் கடைசிக்குத் தள்ளப்பட்டன, மூன்று தலைமை அதிகாரிகள் வேலை இழந்தார்கள். நடுவர் பணியைத் தனி அமைப்பிடம் கொடுக்கும் ஏற்பாடு அதன் பிறகுதான் வந்தது. நாற்பது ஆண்டாக வெளியாரைப் பற்றிப் புலம்பிய இடத்தில், நம்பிக்கையைக் குலைத்த இரண்டு சம்பவமும் உள்வீட்டில்.

2025 ஜூலையில் ஃபாக்ஸ் நிறுவனம் பென்ஸ்கியின் பந்தய நிறுவனத்தில் மூன்றில் ஒரு பங்கு வாங்கியது. அந்த ஆண்டு எல்லாப் பந்தயத்தையும் தன் முதன்மை அலைவரிசையிலேயே காட்டியது. இண்டி 500க்கு அமெரிக்காவில் சராசரி 70 லட்சத்துக்கு மேல் பார்வையாளர். ஒளிபரப்பாளரே பங்குதாரர் என்பதில் நன்மை, நேரம் ஒதுக்கத் தயங்க மாட்டார். தீமை, விளம்பர இடைவேளை கழுத்தை நெரிக்கும்.

அணி உரிமையாளர்களுக்கு 2024 செப்டம்பரில் சார்ட்டர் என்னும் இட உரிமை கொடுத்தார்கள். மொத்தம் 25, ஓர் அணிக்கு அதிகபட்சம் மூன்று, 2031 முடியும்வரை செல்லும். சிங்கப்பூர்க்காரருக்கு எளிதாகச் சொன்னால் இது பந்தய வண்டிக்கு சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்). வித்தியாசம், நாம் சிஓஇக்கு ஏலத்தில் வெள்ளியைக் கொட்டுகிறோம். இங்கே ஏற்கெனவே உள்ளே இருந்தவருக்குச் சும்மா கிடைத்தது, இனி வருபவர் அவரிடம்தான் விலை பேச வேண்டும். இத்தாலியின் பிரேமா அணி 2025இல் இரண்டு வண்டியோடு வந்தபோது சார்ட்டர் இல்லை. 500 தவிர்த்த பந்தயங்களில் 27 இடமே என்பதால் மிச்சமிருந்த இரண்டில் நின்றார்கள். அதே பிரேமாவின் ராபர்ட் ஷ்வார்ட்ஸ்மன் இண்டி 500இல் முதலிடத்தில் தகுதி பெற்றார், 1983க்குப் பிறகு ஒரு புதுமுகம் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. திறமை உள்ளவனை உள்ளே விடாமல் விலையை ஏற்றுவது உரிமையாளருக்கு லாபம், பார்ப்பவருக்கு அல்ல. இண்டி 500க்கு மட்டும் சார்ட்டர் இருந்தாலும் இடம் உறுதியில்லை, வேகத்தால் சம்பாதிக்க வேண்டும். அந்த ஒரு விதியை விட்டுக்கொடுக்காததற்காகவே இந்தத் தொடருக்கு மதிப்பெண் கூடுதலாகத் தரலாம்.

பார்ப்பதற்கான நடைமுறை. மார்ச் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்கக் கிழக்கு நேரத்துக்கும் நமக்கும் சரியாக 12 மணி நேரம், மத்திய நேரத்துக்கு 13, லாங் பீச் போன்ற மேற்குக் கரைக்கு 15. ஞாயிறு மதியப் பந்தயம் என்றால் நமக்குத் திங்கள் நள்ளிரவுக்கு மேல். முழுதாக விழித்திருக்க முடியாதவருக்குத் தொடரின் அதிகாரபூர்வ யூடியூப் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும் நீண்ட தொகுப்பு போதும், அரை மணி நேரத்துக்குள் முடியும். சமூக ஊடகத்தைத் திறக்காமல் பார்க்க வேண்டும், அவ்வளவே.

புதிதாகத் தொடங்குபவர் ஓவலில் தொடங்க வேண்டாம். முதல் முறைக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ரோடு அமெரிக்கா போன்ற நீண்ட சாலைத்தடத்தில் தொடங்குங்கள். எஃப் 1இல் 2010 முதல் இல்லாத பந்தய நடு எரிபொருள் நிரப்பல் இங்கே உண்டு, தொட்டி 18.5 கேலன், சுமார் 70 லிட்டர் எத்தனால். யார் எத்தனையாவது சுற்றில் பிட்டுக்கு வந்தார் என்று குறித்துக்கொண்டால், கடைசியில் வேகமாக ஓடுபவர் ஏன் தோற்கிறார், சோம்பலாகத் தெரிந்தவர் ஏன் ஜெயிக்கிறார் என்று புரியும். இரண்டு வகை டயரையும் கட்டாயம் போட வேண்டும். பக்கவாட்டு நிறத்தைப் பார்த்தால் யார் இன்னும் கடனைத் தீர்க்கவில்லை என்று தெரிந்துவிடும். இரண்டு மூன்று பந்தயம் இப்படிப் பார்த்த பிறகு இண்டி 500க்குப் போகலாம். மே மாதக் கடைசித் திங்களுக்கு முந்தைய ஞாயிறு, பச்சைக்கொடி நமக்குத் திங்கள் அதிகாலை 12.45 அளவில், 200 சுற்று முடிய மூன்று மணி நேரம் ஆகும். மழை பெய்தால் விடியும்வரை. அன்றைய தேதிக்கு விடுப்பை ஏப்ரலிலேயே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.